வீட்டில் விழுங்கும் புற்றுநோய் மாத்திரை: ஏன் இத்தனை விதிகள்?

மாணவர்களே, மெர்சிங்கில் வாழும் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். உங்கள் பெரியம்மாவுக்குச் சூலகத்தில் புற்றுநோய். ஜொகூர் பாருவில் அறுவைச் சிகிச்சை முடிந்தது. மூன்று வாரத்திற்கு ஒரு முறை என ஆறு முறை கீமோதெராபியும் முடிந்தது. இப்போது ஸ்கேனில் கட்டி தெரியவில்லை. "இனி வீட்டிலேயே மாத்திரை சாப்பிட்டு வாருங்கள்" என்று மருத்துவர் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

மாத்திரைப் பெட்டியோடு வந்த தாளில் பல கட்டளைகள் இருக்கின்றன. நசுக்காதீர்கள். இரட்டை வேளையாக விழுங்காதீர்கள். குறிப்பிட்ட பழங்களைச் சாப்பிடாதீர்கள். மாதந்தோறும் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். வீட்டில் அந்தத் தாளைப் பொறுமையாக வாசித்துச் சொல்லக்கூடியவர் பெரும்பாலும் நீங்கள்தான். கட்டளையை மட்டும் மனப்பாடம் செய்தால் ஒரு நாள் மறந்துபோகும். காரணம் தெரிந்தால் மறக்காது. அந்தக் காரணங்களை இன்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சூலகமும் பராமரிப்பு மருந்தும்

கருப்பையின் இரு பக்கமும் இருக்கும் சிறு உறுப்புகளே சூலகங்கள். சினைப்பை என்றும் சொல்வார்கள். கருமுட்டை இங்குதான் உருவாகிறது. இங்கு வரும் புற்றுநோய் தொடக்கத்தில் பெரிய வலியைத் தருவதில்லை. வயிறு உப்பலாக இருப்பது, கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடுவது, அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தோன்றுவது போன்ற சாதாரண அறிகுறிகளே தெரியும். அதனால் பலருக்கு நோய் வயிற்றுக்குள் பரவிய பிறகே கண்டுபிடிக்கப்படுகிறது.

கீமோதெராபிக்குப் பின் ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்றால், கண்ணுக்குத் தெரியும் அளவில் கட்டி இல்லை என்று பொருள். ஸ்கேனுக்கு அகப்படாத சில உயிரணுக்கள் எங்கேயாவது ஒளிந்திருக்கலாம். அவை மீண்டும் பெருகாமல் தடுக்க, நோய் அடங்கியிருக்கும் காலத்திலேயே தரப்படுவதுதான் பராமரிப்பு மருந்து. அதாவது, பெரியம்மா நன்றாக நடமாடும் நாள்களில் இந்த மாத்திரையைச் சாப்பிடுகிறார். "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, எதற்கு மாத்திரை?" என்ற எண்ணம் வருவது இயல்பு. அந்த எண்ணமே முதல் ஆபத்து.

உயிரணுவுக்குள் இரண்டு பழுதுபார்க்கும் குழுக்கள்

நம் உயிரணுக்களில் உள்ள டி.என்.ஏ. தினமும் சேதமடைகிறது. இது எல்லாருக்கும் நடப்பதுதான். உடனுக்குடன் சரிசெய்ய உயிரணுவுக்குள் பல வழிமுறைகள் உள்ளன. அவற்றை ஆராய்ந்த தோமஸ் லிண்டால், போல் மோட்ரிச், அசிஸ் சன்சார் ஆகிய மூவருக்கும் 2015-ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

நம் பாடத்திற்கு இரண்டு வழிமுறைகள் போதும். டி.என்.ஏ. முறுக்கிய ஏணி போன்றது, அதற்கு இரண்டு இழைகள் என்று அறிவியல் வகுப்பில் படித்திருப்பீர்கள். ஓர் இழை மட்டும் அறுந்தால் அதைச் சரிசெய்ய உதவும் நொதியின் பெயர் 'பார்ப்'. இரண்டு இழைகளும் ஒரே இடத்தில் அறுந்தால் அது பெரிய விபத்து. அதைப் பிழையின்றிச் சரிசெய்ய 'பி.ஆர்.சி.ஏ.1', 'பி.ஆர்.சி.ஏ.2' என்ற இரு மரபணுக்கள் உருவாக்கும் புரதங்கள் தேவை.

சூலகப் புற்றுநோய் உள்ள சிலருக்கு இந்த பி.ஆர்.சி.ஏ. மரபணுவில் பிறவியிலேயே பிறழ்வு இருக்கும். ஒவ்வொரு மரபணுவுக்கும் நம்மிடம் இரண்டு பிரதிகள் உண்டு. அவர்களுடைய சாதாரண உயிரணுக்களில் ஒரு பிரதி கெட்டிருந்தாலும் மற்றொன்று வேலை செய்கிறது. புற்றுநோய் உயிரணுவில் அந்த இரண்டாவது பிரதியும் பழுதாகிவிட்டது. அந்த உயிரணு பார்ப் நொதியைத்தான் பெரிதும் நம்பியிருக்கிறது.

இப்போது மருந்து கொடுத்து பார்ப் நொதியையும் தடுத்தால் என்ன ஆகும்? மருந்து அந்த நொதியை டி.என்.ஏ.-வின் மேலேயே சிக்கவைத்துவிடும். உயிரணு இரண்டாகப் பிரியும்போது, சிக்கிய இடத்தில் இரண்டு இழைகளும் அறுந்துபோகும். சாதாரண உயிரணுவால் அதைச் சரிசெய்ய முடியும். புற்றுநோய் உயிரணுவால் முடியாது, அது மடிகிறது. ஒரு வழி அடைபட்டால் பிழைக்கலாம், இரண்டும் அடைபட்டால் பிழைக்க முடியாது என்ற இந்தத் தத்துவத்தை பி.ஆர்.சி.ஏ. குறைபாடுள்ள உயிரணுக்களில் இரு ஆய்வுக் குழுக்கள் 2005-இல் நிரூபித்தன. அதிலிருந்து பிறந்தவைதான் ஓலாபாரிப், நிராபாரிப் போன்ற பார்ப் தடுப்பு மாத்திரைகள். ஓலாபாரிப்புக்கு அமெரிக்காவில் முதல் அனுமதி 2014 டிசம்பரில் கிடைத்தது.

பலன் எவ்வளவு?

2018-இல் வெளியான 'சோலோ-1' ஆய்வில் பி.ஆர்.சி.ஏ. பிறழ்வுள்ள 391 பெண்கள் பங்கேற்றார்கள். முதல் கீமோதெராபிக்குப் பின் ஒரு பிரிவினருக்கு ஓலாபாரிப்பும் மற்றவர்களுக்கு மருந்தில்லாத போலி மாத்திரையும் தரப்பட்டன. மூன்று ஆண்டுகளுக்குப் பின், நோய் முற்றாமல் உயிரோடு இருந்தவர்கள் மருந்துப் பிரிவில் நூற்றுக்கு 60 பேர், போலி மாத்திரைப் பிரிவில் 27 பேர். ஏழு ஆண்டுகளுக்குப் பின் உயிரோடு இருந்தவர்கள் முறையே ஏறத்தாழ 67, 47 பேர்.

இதே ஆய்வில் இன்னொரு பக்கமும் உண்டு. மருந்து எடுத்தவர்களில் நூற்றுக்கு 77 பேருக்குக் குமட்டல், 39 பேருக்கு இரத்தசோகை. ஏறத்தாழ பாதிப் பேர் சில காலம் மருந்தை நிறுத்தி வைக்கவும், 28 பேர் அளவைக் குறைக்கவும், 12 பேர் முழுவதுமாக நிறுத்தவும் நேர்ந்தது. மருத்துவர் அளவைக் குறைத்தால் அது தோல்வி அல்ல, சிகிச்சையின் ஒரு பகுதி என்பதை இந்த எண்கள் சொல்கின்றன.

இனி விதிகளுக்கு வருவோம்.

விதி 1: மாத்திரையை எண்ணாதீர்கள், மில்லிகிராமை எண்ணுங்கள்

ஓலாபாரிப் மாத்திரை இரண்டு அளவுகளில் வருகிறது. 150 மி.கி. மாத்திரை பச்சை நிறம், 100 மி.கி. மாத்திரை மஞ்சள் நிறம். வழக்கமான தொடக்க அளவு ஒரு வேளைக்கு 300 மி.கி., நாளுக்கு இரண்டு வேளை. அதாவது காலையில் இரண்டு பச்சை, இரவில் இரண்டு பச்சை.

பக்க விளைவு வந்தால் மருத்துவர் இதை 250 மி.கி. ஆகக் குறைக்கலாம். அப்போது வேளைக்கு ஒரு பச்சை, ஒரு மஞ்சள். மேலும் குறைத்தால் 200 மி.கி., அதாவது இரண்டு மஞ்சள். மூன்று அளவுக்கும் "இரண்டு மாத்திரை" தான் என்பதைக் கவனித்தீர்களா? பழைய பச்சைப் பெட்டி அலமாரியில் கிடந்து, புதிய அளவு தொடங்கிய பின்னும் கை தவறி அதையே எடுத்தால், குறைத்த அளவு மீண்டும் கூடிவிடும். அளவு மாறிய அன்றே பழைய பெட்டியைத் தனியே எடுத்து வைத்து, அடுத்த முறை மருந்தகத்தில் திருப்பிக் கொடுங்கள்.

ஓலாபாரிப்பின் பழைய வடிவம் 50 மி.கி. கேப்சூல். அதன் 400 மி.கி.-யும் மாத்திரையின் 300 மி.கி.-யும் உடலில் ஒரே மாதிரி உறிஞ்சப்படுவதில்லை. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைக் கணக்குப் போட்டு மாற்றிக்கொள்ளக் கூடாது. சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அளவு வேறு. ஆகவே, அதே நோயுள்ள பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரை எண்ணிக்கை நமக்குப் பொருந்தாது.

விதி 2: மறந்த வேளையை விட்டுவிடுங்கள்

மருந்து இரத்தத்தில் பாதியாகக் குறைய ஆகும் நேரத்தை அரை ஆயுள் என்கிறோம். ஓலாபாரிப்புக்கு இது ஏறத்தாழ 15 மணி நேரம். நிராபாரிப்புக்கு ஏறத்தாழ 36 மணி நேரம். அதனால்தான் முன்னது நாளுக்கு இரு முறை, பின்னது ஒரு முறை.

ஒரு வேளை மறந்தாலும் முந்தைய வேளையின் மருந்து இரத்தத்தில் கொஞ்சம் மீதம் இருக்கும். அடுத்த வேளையை வழக்கமான நேரத்தில் எடுத்தால் போதும். ஈடுகட்ட இரண்டு வேளையை ஒன்றாக விழுங்கினால் இரத்தத்தில் மருந்து திடீரென உயரும். பலன் இரட்டிப்பாகாது, பக்க விளைவுதான் கூடும். விழுங்கியபின் வாந்தி எடுத்தாலும் மறுபடி விழுங்காமல் அடுத்த வேளைக்குக் காத்திருங்கள். வாந்தி தொடர்ந்தால் மருத்துவமனைக்குச் சொல்லுங்கள், குமட்டலைக் கட்டுப்படுத்த வேறு மருந்து தருவார்கள். நிராபாரிப்பைத் தூங்கப் போகும் நேரத்தில் எடுப்பது குமட்டலைக் குறைக்க உதவும்.

ஒரு நாள்காட்டியை மாத்திரைப் பெட்டியின் பக்கத்தில் மாட்டி, விழுங்கியவுடன் கோடு போடச் சொல்லுங்கள். "சாப்பிட்டேனா இல்லையா?" என்ற சந்தேகமே பல தவறுகளுக்குத் தொடக்கம்.

விதி 3: பம்பளிமாஸ் மேசையில் வேண்டாம்

கல்லீரலிலும் குடல் சுவரிலும் 'சி.ஒய்.பி.3ஏ' என்ற நொதி இருக்கிறது. ஓலாபாரிப்பை உடைத்து வெளியேற்றுவது அதுதான். கிரேப்புரூட் பழத்தில் உள்ள ஒரு வகைச் சேர்மம் குடலில் உள்ள இந்த நொதியைச் செயலிழக்கச் செய்கிறது. கனடாவில் டேவிட் பெய்லியும் அவருடைய குழுவினரும் வேறொரு ஆய்வுக்காக, மதுவின் சுவையை மறைக்க கிரேப்புரூட் சாற்றைக் கலந்தபோது, ஓர் இரத்த அழுத்த மருந்தின் அளவு இரத்தத்தில் எதிர்பாராமல் உயர்ந்ததைக் கண்டார்கள். அப்படித்தான் இந்த உண்மை 1989-இல் தற்செயலாக வெளிவந்தது.

நம் ஊரில் கிரேப்புரூட் அரிது. ஆனால் அதன் தாய்ப் பழங்களில் ஒன்று நமக்கு நன்றாகத் தெரியும். பம்பளிமாஸும் இனிப்பு ஆரஞ்சும் கலந்து பிறந்ததே கிரேப்புரூட். லீமாவ் பாலி என்று சந்தையில் விற்கும் பம்பளிமாஸிலும் அதே வகைச் சேர்மங்கள் உண்டு. சீனப் பெருநாள் காலத்தில் அண்டை வீட்டார் அன்போடு கொடுத்தாலும், ஓலாபாரிப் எடுப்பவர் அதைத் தவிர்ப்பதே பாதுகாப்பு. காலையில் பழம், இரவில் மாத்திரை என்று பிரித்தாலும் பயனில்லை. செயலிழந்த நொதிக்குப் பதில் குடல் புதிய நொதியை உருவாக்க ஒன்று முதல் மூன்று நாள்கள் ஆகும். சாதாரண இனிப்பு ஆரஞ்சில் இந்தப் பிரச்சினை இல்லை.

மற்ற மருந்துகளும் இதே நொதியைத் தொடலாம். பூஞ்சைத் தொற்றுக்குத் தரப்படும் இட்ராகோனசோல் மருந்தோடு எடுத்தால், உடல் எதிர்கொள்ளும் ஓலாபாரிப் அளவு ஏறத்தாழ 2.7 மடங்காகிறது. காசநோய்க்கான ரிபாம்பிசினோடு எடுத்தால் 87 விழுக்காடு குறைந்துவிடுகிறது. ஒன்றில் மருந்து நஞ்சாகலாம், மற்றொன்றில் மருந்தே இல்லாதது போலாகும். ஆகவே, பல்வலிக்குக் கிளினிக்குப் போனாலும் "நான் இந்த மாத்திரை எடுக்கிறேன்" என்று பெட்டியைக் காட்ட வேண்டும். மூலிகை மருந்துக்கும் இது பொருந்தும். 'இயற்கையானது' என்ற சொல் பாதுகாப்புக்கு உத்தரவாதம் அல்ல, பம்பளிமாஸும் இயற்கைதானே!

நிராபாரிப் வேறு நொதிகளால் உடைக்கப்படுவதால் அதற்கு இந்தப் பழத் தடை இல்லை. ஆனால் அது இரத்த அழுத்தத்தை உயர்த்தக்கூடும் என்பதால் தொடக்கத்தில் வாரந்தோறும் அழுத்தத்தை அளக்க வேண்டும். ஒரே குடும்ப மருந்துகளுக்கும் விதிகள் வேறுபடும்.

விதி 4: உடம்பு நன்றாக இருந்தாலும் இரத்தப் பரிசோதனை

எலும்பு மச்சையில் இரத்த உயிரணுக்கள் ஓயாமல் பிரிந்து பெருகுகின்றன. பிரியும் உயிரணுவைத்தான் இந்த மருந்து அதிகம் சோதிக்கிறது என்று பார்த்தோம். அதனால் மச்சையும் ஓரளவு பாதிக்கப்படுகிறது.

இரத்தத் தட்டுகளின் ஆயுள் ஒரு வாரம் முதல் பத்து நாள். சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். உற்பத்தி குறைந்தால் ஆயுள் குறைந்த தட்டுகள் சீக்கிரம் குறையும். சிவப்பணுக் குறைவு மெதுவாகத் தெரியவரும். நிராபாரிப்பில் தட்டுகள் குறைவது அதிகம் என்பதால் முதல் மாதம் வாரந்தோறும் பரிசோதனை. ஓலாபாரிப்புக்கு முதல் ஓராண்டு மாதந்தோறும். எண்கள் குறைந்தால் மருத்துவர் மருந்தைச் சிறிது காலம் நிறுத்தி, மீண்டதும் தொடங்குவார். அரிதாகச் சிலருக்கு மச்சையிலேயே கடும் நோய் வரக்கூடும். தொடர் பரிசோதனை அதையும் கண்டுபிடிக்க உதவும்.

விதி 5: நசுக்காதீர்கள், வெறும் கையால் தொடாதீர்கள்

விழுங்கச் சிரமப்படும் பெரியவர்களுக்கு மாத்திரையைக் கல்லில் நுணுக்கித் தேனில் குழைத்துக் கொடுப்பது நம் வீட்டுப் பழக்கம். இந்த மாத்திரைக்கு அது கூடாது. தூள் காற்றிலும் பாத்திரத்திலும் பரவும், உறிஞ்சப்படும் அளவும் மாறும். மாத்திரையை முழுதாகத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். முடியவில்லை என்றால் மருந்தாளரிடம் சொல்லுங்கள்.

டி.என்.ஏ.-வைத் தொடும் மருந்து என்பதால் வயிற்றில் உள்ள குழந்தையைப் பாதிக்கும். கருவுற்ற அக்காவோ அண்ணியோ அதைத் தொடாமல் இருப்பது நல்லது. நீங்கள் எடுத்துக் கொடுக்க நேர்ந்தால் கையுறை அணிந்து, மூடியில் கொட்டிக் கொடுத்து, பின்னர் கை கழுவுங்கள். மீந்த மாத்திரையைக் குப்பையிலோ கழிப்பறையிலோ போடாமல் மருத்துவமனை மருந்தகத்தில் திருப்பிக் கொடுங்கள்.

கடலோர ஊரான மெர்சிங்கில் காற்றில் ஈரம் அதிகம். மாத்திரை வந்த பெட்டியிலேயே, 30 பாகை செல்சியசுக்குக் கீழ், வெயில் படாத இடத்தில் இருக்கட்டும். ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம் உள்ளே இருந்தால் எறிய வேண்டாம். சமையலறை அடுப்புப் பக்கமும் காரின் முன்பலகையும் ஏற்ற இடங்கள் அல்ல.

மழைக்காலத்திற்கு முன்னேற்பாடு

நவம்பரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் மெர்சிங்கில் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தியோமானுக்குப் படகு நிற்கும், சில நாள் சாலையிலும் நீர் ஏறும். புற்றுநோய் சிகிச்சைப் பிரிவுள்ள சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனை ஜொகூர் பாருவில், ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. கடைசி மாத்திரை தீரும் நாளில் மருந்து வாங்கக் கிளம்புவது அப்போது சரிவராது.

தொடர் மருந்தை வீட்டுக்கு அருகிலுள்ள அரசாங்க மருத்துவமனை அல்லது சுகாதாரக் கிளினிக்கிலேயே பெற்றுக்கொள்ள வழிசெய்யும் ஒருங்கிணைந்த மருந்து விநியோக முறை நம் நாட்டில் உண்டு. அஞ்சல்வழி மருந்து பெறும் சேவையும் உண்டு. பெரியம்மாவின் மருந்துக்கு இவை பொருந்துமா, இரத்தத்தை மெர்சிங் மருத்துவமனையிலேயே கொடுக்கலாமா என்று அடுத்த சந்திப்பில் கேளுங்கள். வெள்ளம் வந்து வீட்டைவிட்டுக் கிளம்ப நேர்ந்தால் அடையாள அட்டையோடு எடுக்க வேண்டிய பொருள்: மாத்திரைப் பெட்டியும் மருத்துவச் சந்திப்பு அட்டையும்.

உடனே மருத்துவமனைக்கு

38 பாகை அல்லது அதற்கு மேல் காய்ச்சல், காரணமின்றித் தோன்றும் காயத்தழும்பு அல்லது நிற்காத இரத்தக்கசிவு, புதிதாக வரும் மூச்சுத்திணறலும் வறட்டு இருமலும், ஒரு காலில் மட்டும் வலியும் வீக்கமும், கடும் சோர்வு. இவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த சந்திப்புவரை காத்திருக்கக் கூடாது. "காய்ச்சலுக்கு ஒரு பாரசிட்டமோல் போதும்" என்று பெரியம்மா சொன்னாலும் நீங்கள் அம்மாவிடம் சொல்லி அழைத்துப் போங்கள். வெள்ளணு குறைந்தவருக்குக் காய்ச்சல் ஆபத்தான தொற்றின் ஒரே அறிகுறியாக இருக்கலாம்.

இது குடும்பத்தின் செய்தியும்கூட

பி.ஆர்.சி.ஏ. பிறழ்வு உள்ளவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வந்திருக்க 50 விழுக்காடு வாய்ப்பு உண்டு. மகனுக்கும் வரலாம், அவர் தம் மகளுக்குக் கடத்தலாம். பிறழ்வு இருப்பதால் நோய் வந்தே தீரும் என்று பொருள் அல்ல. தெரிந்தால் முன்கூட்டியே கண்காணிக்கலாம். நம் நாட்டில் கேன்சர் ரிசர்ச் மலேசியா அமைப்பு பல மருத்துவமனைகளோடு சேர்ந்து நடத்திய 'மேஜிக்' ஆய்வு, மரபணு ஆலோசகர்கள் குறைவாக உள்ள சூழலில், சூலகப் புற்றுநோயாளிகளுக்கு அவர்களுடைய மருத்துவர்களே இந்த ஆலோசனையையும் பரிசோதனையையும் வழங்க வழிகண்டது. சிறுவர்களுக்கு இந்தப் பரிசோதனை பொதுவாகச் செய்யப்படுவதில்லை. பெரியவர்கள் முதலில் மருத்துவரிடம் பேசட்டும்.

பயிற்சி

1. ஒரு வேளைக்கு 300 மி.கி., நாளுக்கு இரு வேளை. 150 மி.கி. மாத்திரை 28 நாள்களுக்கு எத்தனை தேவை?
2. அளவு வேளைக்கு 250 மி.கி. ஆனால், 28 நாள்களுக்கு ஒவ்வொரு நிறத்திலும் எத்தனை?
3. காலை எட்டு மணி மாத்திரையை மறந்த பெரியம்மா, இரவு எட்டு மணிக்கு நினைவு வந்து நான்கு மாத்திரைகளைக் கையில் எடுக்கிறார். என்ன சொல்வீர்கள்? ஏன்?

விடைகள்: 1) 112. 2) பச்சை 56, மஞ்சள் 56. 3) இரண்டை மட்டும் விழுங்கச் சொல்ல வேண்டும். காரணத்தை விதி 2-ஐப் பார்க்காமல் உங்கள் சொந்தச் சொற்களில், வீட்டில் ஒருவருக்கு விளக்கிச் சொல்லிப் பாருங்கள்.